பக்கத்து வகுப்பு ஜன்னல்

மகளின் சிறுநீரை ஒரு சின்னக் குப்பியில் பிடித்து, இறுக மூடி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு பல்லடத்திலிருந்து கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிய காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். நான் அப்போது ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. ஏ பிரிவு டீச்சர். நாலு வயது மகளும் என் வகுப்பிலேயே இருந்தாள். பள்ளியில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். ஒரு பீரியடில் மூன்று தரமாவது எழுந்து, "டீச்சர், ஒண்ணுக்குங்க" என்பாள். போனால் லேசில் திரும்ப மாட்டாள். நீர்க்கடுப்போ என்னவோ என்று பயந்து பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தேன். கடைசியில் டாக்டர், "பாப்பாவுக்கு ஒண்ணுமே இல்லீங்க அம்மணி" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

திரும்பி வர பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே வந்த டவுன் பஸ்ஸின் பலகையைப் பார்த்து மகள் "உக்கடம்" என்றாள். யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், "பல்லடம்! நம்ம பஸ்ஸு வந்துருச்சுங்கம்மா" என்று குதித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வகுப்பில் ஆவன்னாவைத் தாண்டாத பிள்ளை! "யாரு கண்ணு சொல்லிக் குடுத்தா?" என்றேன். "பி டீச்சருங்க" என்றாள், வெகு சாதாரணமாக.

பி பிரிவு டீச்சர் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். என்னைப்போல் முறையாகப் பயிற்சி எடுத்தவரும் இல்லை. கோழிப்பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளையும், தறிக் குடோனிலிருந்து நூல் தீர்ந்த காலிக் கோன்களையும் கேட்டு வாங்கி வந்து வகுப்பில் கொட்டிவைப்பார். பெஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டால் பஸ். கையிலிருக்கும் சீட்டில் எழுதிய ஊரைப் படித்தால்தான் ஏறலாம். திணறுகிற பிள்ளையிடம், "பக்கத்துல கேட்டுக்க சாமி, பஸ்ஸு நிக்கும்" என்பார். என் வகுப்பிலோ சிலேட்டுக்குச்சி தேயும் சத்தம் மட்டும்தான் கேட்கும், அதில் எனக்குப் பெருமை. ஆனால் அந்த வருஷம் சேர்க்கைக்கு வந்த பெற்றோர்கள் பி பிரிவு கிடைக்குமா என்று கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்த அவருடைய ஜன்னலில்தான் என் மகள் இத்தனை நாளும் நின்றிருக்கிறாள். என் வயிற்றில் பிறந்து, என் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை, முதல் வார்த்தையை இன்னொருத்தியிடம் படித்துக்கொண்டாள் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை.

மறுநாளே தலைமையாசிரியையிடம் போய், பி வகுப்புச் சத்தத்தில் என் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறுவதில்லை என்றேன். முழுப் பொய். அந்த ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். அன்றைக்கு ஒண்ணுக்குப் போன மகள் ஒரே நிமிஷத்தில் திரும்பி வந்தாள். அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சிலேட்டையே பார்த்திருந்தாள். வழியில் பஸ் பலகையைக் காட்டி, "படி கண்ணு" என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாள் வீட்டில், மடியில் உட்காரவைத்துப் புத்தகத்தைப் பிரித்தேன். "தெரியலீங்க டீச்சர்" என்றாள். அம்மா என்று திருத்தக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரமே பி டீச்சர் வராந்தாவில் என்னை நிறுத்தினார். "ஏனுங்க டீச்சர், பாப்பா இப்பெல்லாம் இந்தப் பக்கமே வாரதில்லீங்களே, ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, ரப்பர் பேண்டு போட்ட ஊர்ப் பெயர்ச் சீட்டுக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். "வெளிய நின்னே இத்தனையும் படிச்சுப்போட்டாளுங்க. இன்னுங் கொஞ்சம் பழகட்டும், அப்புறம் அம்மாகிட்டப் படிச்சுக் காட்டச் சொல்லலாம்னு இருந்தேனுங்க." ஜன்னலைச் சாத்தவைத்தது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இவ்வளவு நல்லவளாக இருக்கிறாளே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் வீட்டில் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெஞ்சுக்குப் பதில் தலையணைகள். பத்தே நாளில் சிரித்துக்கொண்டே படித்தாள், அம்மா என்றும் கூப்பிட்டாள். பி டீச்சர் அடுத்த வருஷம் கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போய்விட்டார். நான் போய் வழியனுப்பவில்லை.

மகள் இன்று பெரிய படிப்பெல்லாம் படித்து நல்ல வேலையில் இருக்கிறாள். பி டீச்சரை அவளுக்குத் துளியும் நினைவில்லை. யாராவது கேட்டால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தது எங்கம்மாதானுங்க" என்பாள். இல்லை கண்ணு, வேறொரு டீச்சர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருஷமாகியும் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.