எண்ணெய்க் கை

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. திறந்தால் வறுத்த வெந்தயமும் பெருங்காயமும் மூக்கைத் துளைக்கும். உள்ளே இருப்பது மீனுக்கு இரை பிசைகிற பொடி. ஒருமுறை என் மனைவி தெரியாமல் அதைச் சாம்பாரில் போட்டுவிட்டாள். நல்ல ருசிதான், ஆனால் அவளிடம் சொல்ல முடியுமா? பொடியைச் செய்து தந்தவர் அக்காவின் கணவர், என் அத்தான்.

அத்தான் குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சாரல் நின்று சீசன் முடிந்த பிறகும் கையிலிருந்து எண்ணெய் வாடை போகாது. அக்கா அவரை விரும்பிக் கட்டிக்கொண்டதை அப்பாவால் தாங்க முடியவில்லை. அப்பா போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் முதுகைத் தேய்க்கிற கை போடும் சோறு தனக்கு இறங்காது என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் கழித்துப் பேரனைப் பார்க்க என்னோடு இலஞ்சியிலுள்ள அக்கா வீட்டுக்கு வந்தவர், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அக்கா அடுப்படியில் நின்று அழுதாள். நான் மட்டும் யோக்கியமா? ஆபீஸில் யாராவது கேட்டால் அத்தான் குற்றாலத்தில் பிசினஸ் செய்கிறார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் தூண்டில் என்றால் உயிர். அது அத்தானுக்குத் தெரியும். குளத்தில் கெண்டை நன்றாகக் கிடைக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, முற்றத்தில் இரை தயார் செய்ய உட்கார்ந்தார். கடலைப் புண்ணாக்கை வாழையிலைத் துண்டால் பிடித்து முகர்ந்து, பழசாகிச் சிக்கு வாடை அடித்ததை ஒதுக்கினார். நல்லதை வறுத்துப் பொடித்து, தவிடும் வெந்தயப் பொடியும் கலந்தார். பெருங்காயம் நகக்கண் அளவுதான். கூடிப்போனால் மீன் விலகிவிடுமாம். எதையும் கையால் தொடவில்லை. கடைசியில் தட்டையும் வடிகஞ்சியையும் அப்பா முன்னால் நகர்த்தினார்.

"எங் கையில எண்ண வாட இருக்கு மாமா. பட்டா மீன் கடிக்காது. நீங்கதான் பிசைஞ்சு தரணும்."

அப்பா எழுந்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு மிடுக்காக வந்து உட்கார்ந்தார்.

"சோப்பு வாடையும் ஆகாது மாமா. தவிட்டப் போட்டுத் தேச்சுக் கழுவிருங்க."

அப்பா என்னை முறைத்தார், ஏதோ நான் சொன்னதுபோல. ஆனாலும் போய்க் கழுவினார்.

குளக்கரையில் அப்பா இரையை உருட்டி இருவர் தூண்டில் முள்ளிலும் செருகினார், அத்தான் வீசினார். பொழுது சாய்வதற்குள் நாலு கெண்டை. அன்று அப்பா அக்கா வீட்டில் இலை முன் உட்கார்ந்தார். பரிமாறியது அத்தான், அதே கையால். அதுவரை "அவன்" என்றே சொல்லிவந்த அப்பா, தலை நிமிராமல் சொன்னார்:

"மாப்ள, இன்னொரு துண்டு வைங்க."

அக்கா மறுபடியும் அடுப்படிக்குள் ஓடினாள்.

எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து அத்தான் அந்த வாடையை மறைக்கப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் தன் கையைப் பழித்தவரிடமே அதன் வாடையைச் சொன்னார். எனக்கு அந்தத் தைரியம் வர அதிக நாள் ஆயிற்று.

அப்பா இப்போது இல்லை. இரை பிசைவது என் வேலை. போன வாரம் வீட்டுக்கு வந்த எங்கள் மேலதிகாரி பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, என்ன இது என்று கேட்டார்.

"எங்க அத்தான் செஞ்சது சார். குற்றாலத்துல எண்ண தேய்க்காரு" என்றேன்.