அப்பச்சி அனுப்பிய நீல மிஷின்

என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கட்டுக்கதைகள் எல்லாம் ஏர்மெயிலில் குவைத்துக்குப் போனவை. சொன்னவள் அம்மா, எழுதியவள் நான். அம்மா மலையாளத்தில் படித்தவள். குவைத்தில் இருந்த அப்பச்சிக்கோ தமிழ்தான் சரளமாக வாசிக்க வரும். அப்பாவின் தங்கையை எங்கள் பக்கம் அப்பச்சி என்றுதான் அழைப்போம். கேரள எல்லையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட வீடுகளில் இப்படி ஆளுக்கொரு மொழி இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஒரே அடுக்களையில் இரண்டு மொழியிலும் சண்டை போடுகிறவர்கள் நாங்கள். ஞாயிறு பள்ளியில் தமிழ் வேதாகமம் வாசித்துப் பரிசு வாங்கியவள் என்பதால், ஒன்பது வயதிலேயே வீட்டின் கடிதப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அப்பச்சி ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவிடம் தவறாமல் ஒன்று கேட்பாள்: "மைனி, மிஷின் ஓடுதா?"

அம்மா மீன் கழுவிக்கொண்டே சொல்வாள். "நல்லா ஓடுதுண்ணு எழுது. தெனமும் தூசி எடுக்கோம்ணு எழுது." நான் என் பங்குக்கு, வீடு கண்ணாடிபோல மின்னுகிறது என்றும் சேர்த்துக்கொள்வேன்.

மிஷின் என்றால் வாக்குவம் கிளீனர். அப்பச்சி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாகத்தான் ஊருக்கே தெரியும். குவைத்துக்குப் போன இரண்டாம் வருடம் கப்பலில் ஒரு பெட்டி அனுப்பினாள். பழைய பிஸ்கட் அட்டைப்பெட்டி. அதற்குள், இரண்டு போர்வைகளுக்கு நடுவில், இரும்பு உடம்பும் சக்கரமும் நீண்ட குழாயுமாக நீல நிறத்தில் இது உட்கார்ந்திருந்தது. புதிதாகக் கடையில் வாங்கியது என்று எழுதியிருந்தாள். புது மிஷின் ஏன் பிஸ்கட் பெட்டியில் வந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குவைத்திலிருந்து வந்தது, அது போதும்.

அது எங்கள் வீட்டில் மொத்தமாக ஒரே ஒரு நாள்தான் ஓடியது. சுவிட்சைப் போட்டதும் வீட்டு பல்புகள் எல்லாம் மங்கின. முற்றத்து மணலைத் தின்று அதன் பை வெடித்தது. அடைகாத்துக்கொண்டிருந்த கோழி கூட்டைவிட்டுப் போனது போனதுதான். அன்றைக்கே அம்மா அதை ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் கொண்டுபோய் வைத்தாள். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் நிரம்பிய பிளாஸ்டிக் கன்னாசுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நாலு வருடம் அந்த ஆசிட் நெடியில் நின்று மிஷின் சொறி பிடித்த நாய்போல ஆயிற்று.

அப்படியிருக்க, அப்பச்சி லீவில் வருகிறாள் என்று கடிதம் வந்தது. ஆறு வருடம் கழித்து வருகிறாள். இன்னும் இரண்டே வாரம். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆசை ஆசையாக அனுப்பிய பொருளை இந்தக் கோலத்தில் பார்த்தால் அவள் மனது என்ன பாடுபடும்? அதோடு, தினமும் ஓடுகிறது என்று நாலு வருடமாக எழுதிய கடிதங்களை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

"பெயிண்ட் அடிச்சா ஆருக்குத் தெரியும்?" என்றார் அப்பா. அவர் சபைக் கமிட்டியில் இருந்தார். சபைக் கோவில் கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் அரை டின் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை காலை மிஷினை அயினி மரத்தடிக்கு இழுத்து வந்தோம். உடம்பை அப்பா உப்புத்தாளால் தேய்க்க, மூடி என் பொறுப்பு. தேய்க்கத் தேய்க்க நீலம் போய் அடியில் கருஞ்சிவப்பு வந்தது. இன்னும் தேய்த்தால் துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருந்த இடம் தெரிந்தது. உதிர்ந்த நீலத்தில் பிரஷ் மயிர் ஒன்றும் ஒட்டியிருந்தது.

"அப்பா, கம்பெனிக்காரன் ரெண்டு பெயிண்ட் அடிச்சிருக்கான்!"

அப்பா மூடியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா மக்கா. நல்ல கம்பெனியாக்கும்" என்றார். அவர் முகம் நன்றாக இல்லை. சற்றுநேரம் கழித்து அம்மாவைக் கூப்பிட்டு ஏதோ முணுமுணுத்தார். அம்மாவுக்குச் சுருக்கென்று வந்தது. "அப்பம் பழசைப் புதுசுண்ணு சொல்லியாக்கும் அனுப்பிச்சிருக்கா? நானும் பயந்து செத்தேனே!" என்று சிரித்தபடி, குழாயின் கைப்பிடியில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

டேப்புக்கு அடியில் துணி இருந்தது. மஞ்சளில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். பிடித்துப் பிடித்து நடுவில் இற்றுப்போய், வியர்வையில் கறுத்திருந்தது. அம்மாவின் சிரிப்பு நின்றது. துணியை மடியில் விரித்து அதன் தையலை விரலால் தடவினாள். எனக்கு அது வெறும் கந்தல். அம்மாவுக்கு அது தன் தையல். அப்பச்சி விமானம் ஏறப் போட்டுப்போன சுடிதாரை அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

அப்பச்சிக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைக்கவே இல்லை என்பதும், ஏதோ ஒரு வீட்டில் அந்த மிஷினை நாளெல்லாம் இழுத்துத் தரை சுத்தம் செய்துகொண்டிருந்தாள் என்பதும், வீட்டுக்காரி புதிது வாங்கிப் பழையதை இவளிடம் தள்ளியபோது இவளே உட்கார்ந்து நீலம் அடித்து எங்களுக்கு அனுப்பினாள் என்பதும் எனக்குத் தெரியவந்தது, நானே வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய பிறகுதான். அம்மா அன்றே அந்தத் துணியிலிருந்து முக்கால்வாசியைப் படித்துவிட்டாள்.

நான் கண்டது இவ்வளவுதான்: அம்மா அந்தத் துணியை இருந்தபடியே மறுபடி கைப்பிடியில் சுற்றி, மேலே புது டேப்பை ஒட்டினாள். அப்பா பச்சை டின்னைத் திறந்தபோது தடுத்தாள்.

"பச்சை வேண்டாம். அவ அடிச்ச அதே நீலம் வேணும்."

"எந்த நீலமானா என்னட்டி?"

"அதே நீலம்."

அப்பா ஒரு சில்லு நீலத்தைத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு பனச்சமூட்டில் மூன்று பெயிண்ட் கடை ஏறி இறங்கினார். பையையும் தைத்து, வயரையும் மாற்றியாயிற்று. காய்வதற்குள் ஓர் எறும்பு மூடியில் ஏறி மாட்டிக்கொண்டது. அதைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது. அம்மா என் காதைப் பிடித்து, "நிறத்தைப் பத்தி அப்பச்சிகிட்ட வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியா?" என்றாள்.

அப்பச்சி வந்தாள். மெலிந்திருந்தாள், கை மட்டும் ஆண்பிள்ளைக் கைபோலக் காய்த்திருந்தது. முன்அறையில் நின்ற மிஷினைப் பார்த்து, "அப்பிடியே இருக்கே மைனி" என்றாள். அம்மா, "பின்னே? நீ தந்ததில்லியா" என்றாள். இரண்டுபேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். பாட்டும் ஜெபமும் முடிந்து சாயாவுக்குக் காத்திருந்த நேரத்தில், சபைப் பெண்களின் கண்ணெல்லாம் நீல மிஷின்மேல் இருந்தது. அவர்களில் மூத்தவள், "ஒண்ணு ஓட்டிக் காட்டு மோளே, காணட்டு" என்றாள்.

அப்பச்சி எழுந்தாள். கை தானாகக் கைப்பிடியைப் பற்றியது. குனிந்து பாராமலே கால் சுவிட்சைத் தேடிப் போனது. அதற்குள் அடுக்களையிலிருந்து சாயாத் தட்டோடு வந்த அம்மா, தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்து குழாயைப் பிடுங்கினாள்.

"நீ அங்க இரி. இந்த வீட்டுல நீ இதத் தொடப்பிடாது."

 அம்மாவே சுவிட்சைப் போட்டாள். பல்பு மங்க, மிஷின் அலறி முதல் வேலையாக அம்மாவின் சேலை முந்தானையை உறிஞ்சியது. பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த அமளியில் அப்பச்சி வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடியதைக் கண்டவள் நான் ஒருத்திதான்.

துவைகல்லில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அம்மாமேல் ஆத்திரம் பொங்கியது. கடலுக்கு அப்பாலிருந்து மிஷினை அனுப்பியவளுக்கு அதைத் தொட உரிமை இல்லையா? அத்தனைபேர் முன்னால் பிடுங்குவதா? அப்பச்சியின் தோளைத் தொட்டு ரகசியமாகச் சொன்னேன்.

"அழண்டாம் அப்பச்சி. அம்மா நாளைக்குச் சந்தைக்குப் போவா. அப்பம் நான் எடுத்துத் தாறேன். ஆசையும் கொதியும் தீருறது வரைக்கும் ஓட்டலாம்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கொதி தீருறது வரைக்குமா மக்கா?" என்று கேட்டு, என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

நான் சொன்ன ஆறுதல் பலித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்பச்சியை அழவைத்ததற்கு அந்தத் தண்டனை போதாது என்றே நினைத்தேன்.