சில்வர் நைட்ரேட்டும் துறைத்தலைவர் நாற்காலியும்

அழுகிய முட்டை வாடைதான் என் அம்மாவின் சேலை வாடை. ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பித்த முதல் பெண் அவர். பகலெல்லாம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவோடு மல்லுக்கட்டிவிட்டு மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினால், பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோவார். சனிக்கிழமைகளில் கூடவே போகும் எனக்கு ஜன்னலோரம் வாய்க்கும்.

துறைத்தலைவர் ஓய்வுபெற்றபோது அடுத்த மூத்தவர் அம்மாதான். நிர்வாகக் குழு அவரைத் திங்கட்கிழமை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, ஐந்தாம் வகுப்பு மேதையான நான், ஆய்வகத்தில் பழுப்பு பாட்டிலில் இருந்த 'தண்ணி'யை உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தேன். ஞாயிறு காலை கை கருத்திருந்தது. சர்ச் ஆராதனையில் போதகர் ஐயர் பாவத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். நான் கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. திங்களன்று அந்தக் கருப்பு நெஞ்சை நோக்கி ஏறுவதாகவே பட்டது. பம்பரத்தைத் தம்பிக்கு எழுதிவைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பஸ் ஏறி, நேர்காணல் அறைக்குள் புகுந்து, சாகப்போகிறேன் என்று ஒப்பாரி வைத்தேன்.

குழுவில் ஒருவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். "புள்ளையவே பாத்துக்க ஏலல. டிபார்ட்மெண்ட்ட எப்படிம்மா பாப்பீய?"

அம்மா என் கையைத் திருப்பிப் பார்த்தார். "சில்வர் நைட்ரேட். பத்து நாளுல தோலோட உரிஞ்சிரும். நீங்க கேட்டது உரியாதுங்கய்யா."

பதவி, அம்மாவிடம் ஆய்வகத்தில் பியூரெட் குழாய் பிடிக்கக் கற்ற ஓர் ஆண் ஆசிரியருக்குப் போனது. அவருடைய பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எவனும் கேட்கவில்லை. துறையை அம்மா நடத்தினார்; அந்த ஆசிரியர் கையெழுத்துப் போட்டார்.

என்னால்தான் போயிற்று என்று வருஷக்கணக்காகப் புழுங்கினேன். அம்மா ஓய்வுபெற்ற அன்று அழுதபடி மன்னிப்புக் கேட்டேன்.

"ஏலே கிறுக்கா, நீ வாரதுக்கு முன்னாலயே அந்தாளு பேருக்கு ஆர்டர் டைப் அடிச்சு மேசையில கெடந்துச்சு. தலைகீழா வாசிச்சேன்."

அன்று பிடித்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்குதான் இல்லாமல் இருந்தது. கூமுட்டை நான் அதை பஸ் பிடித்துப் போய்க் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் அதே கல்லூரி அம்மாவைப் பாராட்டக் கூப்பிட்டது. அழைப்பிதழில் 'பொறுமையின் சிகரம்' என்று போட்டிருந்தார்கள். ஆய்வகம் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர்கள். சுவரில் துறைத்தலைவர்களின் பெயர்ப்பலகை. அதன் கீழே நிற்கவைத்துப் போட்டோ எடுக்க ஓர் இளம் பேராசிரியர் அவசரப்பட்டார்.

"எம்பேரு இல்லாத போர்டுக்குக் கீழ நான் எதுக்குத் தம்பி நிக்கணும்?"

அவர் ஏதோ வேடிக்கைப் பேச்சு என்று சிரித்தார். அம்மா பொன்னாடையை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். எண்பது வயதில் அம்புட்டு வேகம். நான் ஓடித்தான் பிடித்தேன்.