அரைக் கிலோவும் என் தங்கையின் அவுன்ஸும்

என் தங்கை அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் போகும்போது என் மகளையும் படிக்க அழைத்துக்கொண்டு போகிறாள். அங்கே அவள் வீட்டில்தான் இவள் தங்கப்போகிறாள். நல்ல காரியம்தான். அதற்காக எதற்கெடுத்தாலும் "சித்தி சொன்னாங்க" என்றால் பெற்றவளுக்குப் பற்றிக்கொண்டு வராதா?

மகளோடு அனுப்பக் குழம்பு மிளகாய்த்தூள் அரைத்தேன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி படாமல் பழைய வேட்டியைப் போர்த்திக் காயவைத்த மிளகாய். கோரமண்டல் ரயில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நிறுத்து, அரைக் கிலோவைக் கவரில் போட்டு ஒட்டினேன். லேபிள் இல்லாவிட்டால் ஏர்போர்ட்டில் கேள்வி கேட்பார்கள் என்றாள் தங்கை. மகள் உடனே பேனாவோடு உட்கார்ந்தாள்.

எழுதியதைப் பார்த்தேன். 17.6 அவுன்ஸ் என்று கொட்டை எழுத்தில். அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் 500 கிராம்.

"இன்னாடி இது? நான் அரைச்சது அரைக் கிலோ."

"அமெரிக்காவுல இப்டிதாம்மா போடுவாங்க. சித்தி குடுத்த சாக்லேட் டப்பாவப் பாரு."

பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவரும் பால் பவுடரில் கிராம்தான். லண்டன் போய்வந்த டீச்சர் கொடுத்த பிஸ்கட்டிலும் கிராம்தான். என் தங்கை போன ஊரில் மட்டும் அவுன்ஸ் முன்னால் நிற்கும், கிராம் ஒண்டிக்குடித்தனம் இருக்கும். அந்த அடைப்புக்குறிக்குள் என்னையே உட்காரவைத்ததுபோல் இருந்தது.

தங்கை கொண்டுவந்த கைத்தராசில் மகளின் பெட்டியைத் தொங்கவிட்டால் விமானத்தில் விடும் அளவைவிட எடை கூடுதல். அதுவும் பவுண்டில்தான் காட்டியது.

"இந்தத் தூள எடுத்துடுக்கா. அங்க எல்லாக் கடையிலயும் கெடைக்குது."

தான் வாங்கிக்கொடுத்த ஸ்வெட்டர்களை எடுக்கச் சொல்லத் தங்கைக்கு வாய் வரவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தத் தூளும் போகாவிட்டால், அவள் வீட்டில் என் மகள் சாப்பிடும் சோற்றில் என் கை பட்டது என்று எதுவுமே இருக்காது.

மகள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "பாதி எடுத்துக்கறேம்மா," என்று கவரைப் பிரித்து, கால் கிலோவை மட்டும் வேறு கவரில் போட்டாள். புது லேபிள் எழுதினாள். இந்த முறை 250 கிராம் முன்னால், அவுன்ஸ் அடைப்புக்குறிக்குள்.

மீதித் தூள் என்னிடமே நின்றுவிட்டது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தங்கை அந்த லேபிளைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, அதைக் கண் குளிரப் பார்த்துக்கொண்டிருந்தேன்.