துண்டு போட்ட சீட்டும் தபாலில் படித்த தத்துவமும்

கண்டக்டர் வேலையில் டிக்கெட் கிழிப்பது கால் பங்கு, மீதி முக்கால் பங்கு பஞ்சாயத்து. அதிலும் நான் தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. படித்துத் தொலைத்தவன். மேல்மலையனூரிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் காலை ட்ரிப் என்னுடையது. டிரைவர் ஏழுமலை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'எம்மே' என்றுதான் கூப்பிடுவார். கம்பியைப் பிடித்துத் தொங்கியே பாதி ஆயுளைக் கழித்த சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்?

விதி என்றால் விதி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டு விழும். கைக்குட்டை விழும், சோற்றுப் பை விழும், ஒருமுறை ஒற்றைச் செருப்பு விழுந்தது. துண்டு யாருடையதோ சீட்டு அவருடையது. கடலை மண்டியில் வேலை பார்க்கும் தணிகாசலம் இதில் மன்னர். ஐம்பது வயதிலும் வண்டியோடு கூடவே ஓடி, ஒரே வீச்சில் சீட்டுப் பிடித்துவிடுவார்.

அன்றைக்கு லூர்துமேரி ஏறினார். ஏழு மாத வயிறு. திண்டிவனத்தில் தையல் வேலை. முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை, இந்தத் தடவை அதிக நேரம் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேலையையும் விட முடியாது. எட்டாம் மாதம் முடியும்வரை போனால்தான் பிரசவத்துக்குப் பிறகு பிள்ளையோடு நாலு நாள் கூடுதலாக லீவில் இருக்க முடியும். பெண்கள் சீட்டெல்லாம் மலையனூரிலேயே நிறைந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? 'விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆளைப் பார்த்து மாற்றினால் அது விதியே இல்லை' என்று படித்ததையெல்லாம் தொண்டை கிழிய விளக்கி, தணிகாசலத்தின் துண்டுக்கே தீர்ப்புச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டே லூர்துமேரி சொன்னார்: "உங்க ரூலு நல்லாத்தான் இருக்குதுண்ணா. ஓடியாந்து துண்டு போட என்னால முடிஞ்சா, எனக்கு எதுக்குண்ணா சீட்டு?"

யாருக்குக் கஷ்டம் அதிகம்?

அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. வெட்கமாக இருந்தது. சரி, விதியை விட்டுவிடுவோம், விளைவைப் பார்ப்போம் என்று கட்சி மாறினேன். யார் உட்கார்ந்தால் மொத்தக் கஷ்டம் குறைகிறதோ அவருக்கே சீட்டு. இதைச் சிங்கவரத்திலிருந்து பள்ளிக்கூடம் போக ஏறும் பையனுக்குக்கூடப் புரியும்படி சொல்லி, "அவங்கவங்க கஷ்டத்தைச் சொல்லுங்க" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்கு முதுகு, இன்னொருவருக்கு ராத்திரி முழுக்கக் கரெண்ட் இல்லாமல் தூக்கமில்லை. தணிகாசலம் தனக்கு மூலம் என்றார். "அப்படின்னா நிக்கறதுதானே நல்லது?" என்றேன். "அது வந்தவனுக்குத்தான் தெரியும்" என்று சீட்டில் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். முட்டியை முதுகோடு எப்படி நிறுப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க லூர்துமேரி நின்றுகொண்டேதான் வந்தார். பிரேக் போட்டுத் திரும்பிய ஏழுமலை சொன்னார்: "எம்மே, திண்டிவனம் வந்துட்ச்சி. கேஸுக்கு வாய்தா போடு."

குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்

அமாவாசைக்கு மறுநாள். மலையனூரில் ஏறிய யாரோ ஒருவர் சீட்டில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுச் செஞ்சியில் இறங்கிப் போய்விட்டார். மறந்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா, தெரியாது. வண்டியில் நிற்க இடமில்லை, அந்த ஒரு சீட்டு மட்டும் காலி. ஓடிவந்த தணிகாசலமே எட்டிப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

எனக்கோ ஒரே சந்தோஷம். துண்டு இல்லை, ஆகவே விதி தடுக்கவில்லை. உட்கார்ந்தால் நன்மை, ஆகவே விளைவும் சரி. என் இரண்டு கோட்பாடுகளும் முதல்முறையாகக் கைகோத்து நின்றன. பழத்தை எடுக்கத்தான் என் கை போகவில்லை. ஏழுமலையைப் பார்த்தேன், அவர் ரோட்டைப் பார்த்தார். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே, தள்ளிட்டு உக்காருங்கம்மா" என்று வெட்கங்கெட்டு லூர்துமேரியிடமே சொன்னேன். அவர் பழத்தைப் பார்த்தார், வயிற்றைத் தடவிக்கொண்டார். "எனக்குப் பயமில்லண்ணா. உள்ள இருக்கறது எந்தச் சாமி பக்கம்னு இன்னும் சொல்லலியே!" திண்டிவனம் வரை அந்தச் சீட்டில் எலுமிச்சம்பழம் மட்டும்தான் உட்கார்ந்து வந்தது.

நல்ல மனுஷன் என்ன செய்வான்?

மூன்றாவதாக ஒரு கோட்பாடு பாக்கியிருந்தது. விதியையும் பார்க்காதே, விளைவையும் எண்ணாதே, இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் இருந்தால் என்ன செய்வான் என்று மட்டும் கேள். இதை வைத்துத் தணிகாசலத்தை மடக்கிவிடலாம் என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு லூர்துமேரியின் முகம் வெளுத்திருந்தது. புடவைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் குரல் இன்னும் உயர்ந்தது. கருணை என்றேன், பண்பு என்றேன், பழகப் பழகத்தான் மனுஷன் நல்லவனாகிறான் என்றேன். நாவலூர்ப் பக்கம் தாண்டியும் நான் நிறுத்தவில்லை. தணிகாசலம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூணு வாரமா எங்க சீட்டையே ஆராய்ச்சி பண்றியே கண்டக்டரே, நீ உக்காந்துகினு பேசறியே, அது இன்னா?"

கண்டக்டர் சீட்டு

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை. எழுந்தேன். காது சூடாகிவிட்டது. லூர்துமேரி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எட்டாம் மாதம் முடியும்வரை அது அவர் சீட்டு. முதல் நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலாம் நாள் கணுக்கால் வீங்கியது. இரண்டாம் வாரம், 'கண்டக்டர் சீட்டு கண்டக்டருக்கே' என்று நிரூபிக்க ஏதாவது கோட்பாடு உண்டா என்று பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். இருந்தது. படித்துவிட்டு மூடி வைத்தேன்.

மாசி மாதம் ஒருநாள் லூர்துமேரி மறுபடி ஏறினார், தோளில் பெண் குழந்தை. தடுப்பூசி போடப் போகிறாராம். குழந்தையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. வண்டியில் அன்றைக்கும் கூட்டம். நான் தொண்டையைக் கனைத்ததுதான் தாமதம், தணிகாசலம் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, "உக்காரும்மா" என்றார். எனக்கு ஆச்சரியம். விதியா, விளைவா, பண்பா, எதைப் பார்த்து எழுந்தார்? வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ பேச ஆரம்பிச்சிடுவியோன்னுதான்."

ஆக, நாலாவது கோட்பாடு ஒன்று இருப்பதும், மற்ற மூன்றையும்விட அது சீக்கிரம் வேலை செய்வதும், அந்தக் கோட்பாடு நான்தான் என்பதும் எம்.ஏ. படித்த எனக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில்தான் விளங்கியது.