ரோஸியின் ஆங்கில வகுப்பு

கடல் தாண்டிப் போய் இலவசமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிற வேலையில், நம்மை எதிர்பார்த்து அங்கே யாரும் வாசலில் நிற்கவில்லை என்பது முதல் வாரமே தெரிந்துவிடும். பெட்டி நிறையப் பட அட்டைகளோடு எங்கேயாவது போய் இறங்கியவர்கள் இதைப் படித்தால், இந்நேரம் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் எட்டு வருடம் ஆங்கிலம் எடுத்தவள். ஆறு மாத விடுப்புப் போட்டுவிட்டு, ஒரு சின்னத் தொண்டுக் குழு மூலம் மலேசியாவில் பேராக் மாநிலத்துக்கு வந்தேன். தங்க ஈப்போவில், புந்தோங்கில் ஓர் அறை. கற்பிக்க, கோலா கங்சார் போகிற வழியில் ஒரு தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இப்போது கண்ணுக்கு எட்டிய வரை எண்ணெய் எடுக்கிற செம்பனை. மொத்தமே முப்பது சொச்சம் பிள்ளைகள். அவர்களுக்கு என் பெயர் ‘இந்தியா டீச்சர்’. அந்த ஆறு மாதத்தை இப்போது நினைத்தால், பாதித் தூக்கத்தில் யாரோ ஜன்னல் பக்கம் உட்கார வைத்துக் கூட்டிப்போன மாதிரி இருக்கிறது.

பசியாறியாச்சா?

காலை ஆறேகாலுக்கு வேன் வரும். ஓட்டுபவர் செல்வம் அண்ணன். அந்த ஊரில் ஏழு மணிக்குத்தான் விடியும். சுண்ணாம்புக் குன்றுகள் பனிமூட்டத்துக்குள் இடுப்பு வரை இறங்கி நிற்கும். அவை நகர்கின்றனவா, நாங்கள் நகர்கிறோமா என்று சரியாகச் சொல்ல முடியாது. முதல் நாள் அப்படித்தான் கண்ணாடியில் தலை சாய்த்துக் கிடந்தேன். செல்வம் அண்ணன் மெல்லக் கேட்டார்: “பசியாறியாச்சா டீச்சர்?”

அந்த இருட்டில், அந்தக் குன்றுகளுக்கு நடுவே, யாரோ என் உயிரைத் தொட்டுக் கேட்டது போல இருந்தது. “இல்லண்ணே. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்னு நினைக்கிறேன். எட்டு வருஷமா ஒரே பாடம், ஒரே நோட்ஸ். உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு காலியாவே கிடக்கு” என்று ஆரம்பித்து, ஒரு சுங்கச்சாவடி வரைக்கும் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பின்னால் கை நீட்டி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

“காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்லா டீச்சர். இந்தாங்க, நாசி லெமாக்.”

நான்கு பருவங்கள்

என்னிடம் ஐந்தாம் ஆண்டை, நம் ஊர்க் கணக்கில் ஐந்தாம் வகுப்பை, ஒப்படைத்தார்கள். ஏழு பிள்ளைகள். நான் கொண்டுபோயிருந்த அட்டைகளில் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவங்கள் பளபளவென்று இருந்தன. வெளியே பருவங்கள் இரண்டுதான்: சாப்பாட்டுக்கு முன்னால் வரும் மழை, சாப்பாட்டுக்குப் பின்னால் வரும் மழை. கூரையில் அது விழ ஆரம்பித்தால் பாடம் தானாக நின்றுவிடும். நாங்கள் எட்டுப் பேரும் செம்பனை ஓலைகள் வெள்ளையாகி மறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல வகுப்புகள் நான் எடுத்ததில்லை.

ஒருநாள் மழை விட்டதும் பனி பொழிகிற அட்டையைத் தூக்கி, “ஸ்னோ” என்றேன். “ஸ்னோ” என்றார்கள். “இட் இஸ் வெரி கோல்ட்.” அதையும் சொன்னார்கள். முன்வரிசை யஷ்வின் கை தூக்கினான். “டீச்சர் ஸ்னோவ பாத்திருக்கீங்களா?” இல்லை என்றேன். தொட்டிருக்கிறீர்களா? அதுவும் இல்லை. அவன் யோசித்துவிட்டு மிக மரியாதையாகச் சொன்னான்.

“அப்ப நீங்களும் எங்க கூட உக்காந்துக்கலாம் டீச்சர்.”

ஒரே கட்டம்

அந்த ஏழு பேரில் ஒருத்தி தர்ஷினி. இரட்டைச் சடை, கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. எழுதுவாள், அழகாக எழுதுவாள். பெயர் கேட்டால் மேசையைப் பார்ப்பாள். மறுபடி கேட்டால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். என் கல்லூரி அனுபவத்தையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். பாட்டு, விளையாட்டு, கைப்பொம்மை. பொம்மையைப் பார்த்து மற்ற ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தலைமையாசிரியை அருள்மேரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கனத்த உடம்பு, மெல்லிய குரல். மேசை மேல் ஒரு படிவம், அவர்கள் பேச்சில் ‘பாரம்’, நிரப்பப்படாமல் இருந்தது. இரண்டு வருடமாகப் பள்ளியில் இந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சுத் தேர்வுகளில் போட மதிப்பெண் இல்லை. இந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் பேசாவிட்டால், வேறு ஊரில் இருக்கும் சிறப்பு வகுப்புக்கு அனுப்பச் சொல்லி எழுத வேண்டியதுதான் என்றார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“பயமா, பிடிவாதமா, இல்ல படிப்பே ஏறலயா, எனக்குத் தெரியல டீச்சர். இந்தப் பாரத்துல எல்லாத்துக்கும் ஒரே கட்டம்தான் இருக்கு.”

எனிபடி? எனிபடி?

பள்ளி ஒன்றேகாலுக்கு முடியும். செல்வம் அண்ணன் பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு மூன்றரைக்குத்தான் என்னை ஏற்ற வருவார். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் சுற்றுவேன். பள்ளிக்குப் பின்னால், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வீடுகள் ஒரு வரிசை மிச்சம். பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. மழை நின்ற மதியங்களில் அங்கே எல்லாமே கொஞ்சம் மிதக்கும். மண்ணிலிருந்து ஆவி எழும்பும், ஓலைகள் சொட்டும், நம் காலடிச் சத்தமே நமக்குத் தூரத்தில் கேட்கும்.

அப்படி ஒரு மதியத்தில், ஒரு மாட்டுக் கொட்டகையிலிருந்து என் குரல் கேட்டது. சத்தியமாக என் குரல்தான். “திஸ் இஸ் எ லீஃப். வாட் இஸ் திஸ்? எனிபடி? எனிபடி?” வகுப்பில் யாரும் பதில் சொல்லாதபோது நான் இரண்டு தரம் சொல்கிற அதே ‘எனிபடி’, அதே இழுப்பு. எட்டிப் பார்த்தேன். தர்ஷினி ஒரு செவலைப் பசுவின் முன்னால் இலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பசு யோசித்துவிட்டு இலையைத் தின்றது. “வெரி குட், ரோஸி!” என்றாள். என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

அவள் அம்மா விமலா அக்கா தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தார். ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், பகலில்தான் தூக்கம். நிலைப்படியில் உட்கார்ந்து அவர்தான் சொன்னார். மூன்றாம் ஆண்டில் மேடையேறி, பிடித்த உணவைப் பற்றி இங்கிலீஷில் பேசச் சொன்னார்களாம். ‘சிக்கன்’ என்பதற்குப் பதில் ‘கிச்சன்’ என்று வந்துவிட்டது. ஐ லைக் டு ஈட் கிச்சன். மண்டபமே சிரித்தது, அம்மாவும் சேர்ந்துதான் சிரித்தாராம். வீட்டில் வாய் ஓயாது. பள்ளி வாசலோடு நின்றுவிடும்.

“ரோஸி சிரிக்காதுல்ல டீச்சர். அதான்.”

நல்லது நினைத்தது

இப்போது சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. மறுநாள் மதியம் வாழை மறைவில் நின்று கைப்பேசியில் அவளைப் படம் பிடித்தேன். மூன்று நிமிடம். நேராகத் தலைமையாசிரியையிடம் ஓடினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், அடுத்த நாள் காலை சபைக்கூடலில் எல்லோர் முன்னாலும், “நம்ம தர்ஷினி வீட்டுல மாட்டுக்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறா! கை தட்டுங்க!” என்றார்.

கை தட்டினார்கள். இடைவேளைக்குள் ‘மாட்டு டீச்சர்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காலியான அந்த ஜன்னல் ஓர நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துவது எப்படியென்று எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லித் தருவதில்லை. மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் ரோஸி மட்டும் நின்றது. விமலா அக்காவின் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தேன். அவர் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கோப்பி கலந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“நீங்க நல்லதுதான் நெனச்சீங்க டீச்சர். நெனச்சத அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

தேங்காய் வலி

தினமும் போனேன். தர்ஷினி வீட்டுக்குள், பாதிக் கதவுக்குப் பின்னால், நான் கொட்டகையில். கதவைப் பார்த்துப் பேசினால் அவளைத் துரத்துவது போல இருக்கும் என்று, ரோஸியிடம் பேசினேன். தமிழில் பேசினால் டீச்சராகிவிடுவேன், ஆங்கிலத்தில் பேசினால் இன்னும் பெரிய டீச்சராகிவிடுவேன். அதனால் வேனில் செல்வம் அண்ணனிடம் கற்றுக்கொண்ட அரைகுறை மலாயில் ஆரம்பித்தேன். “ரோஸி, சாயா மின்தா மாஆப்.” மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று அர்த்தம். ரோஸி என் முழங்கையில் மூச்சு விட்டது. சூடான, புல் வாசனை மூச்சு.

நான்காம் நாள், தூக்கம் கெட்டுத் தலை நிஜமாகவே வலித்தது. அதையும் ரோஸியிடம் சொல்ல நினைத்து, “கெலாப்பா சாயா சாக்கிட்” என்றேன். கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம். முதலில் விக்கல் என்று நினைத்தேன். இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு வந்த சிரிப்பு. நான் விடாமல் மறுபடியும் அதையே சொன்னேன். இந்தத் தடவை கதவின் மேல்பாதி திறந்தது. இரண்டு சடைகள், ஒரு முகம். பொறுக்க முடியாமல் வந்துவிட்டது அவளுக்கு. என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“கெப்பாலா டீச்சர், கெப்பாலா! கெலாப்பான்னா தேங்கா!”

முதுகு காட்டி ஒரு தேர்வு

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள். வகுப்பில் பழையபடி மௌனம்தான். ஆனால் கொட்டகையில் என்னோடு தணிந்த குரலில் பேசினாள். இந்த முறை கேட்டேன்: பெரிய டீச்சர் உன் பேச்சைக் கேட்டால்தான் அந்தப் பாரம் போகாது, எங்கே, எப்படிக் கேட்கலாம், நீ சொல். இரண்டு நாள் யோசித்துத் தன் நிபந்தனைகளைச் சொன்னாள். இங்கேதான். ரோஸியிடம்தான். அவர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும்.

அருள்மேரி டீச்சர் மறு பேச்சுப் பேசவில்லை. குடையும் பாரமுமாக வந்து, பிளாஸ்டிக் முக்காலியில் செம்பனையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பின்னால் தர்ஷினி ரோஸியின் கழுத்தில் கை போட்டு ஆரம்பித்தாள். “மை நேம் இஸ் தர்ஷினி. ஐ ஹேவ் எ கவ். நேம் இஸ் ரோஸி. வென் ரெயின் கம், ரோஸி இஸ் நாட் ரன். ரோஸி இஸ் திங்கிங்.” அவள் அதைச் சொல்லும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. குடையை விரித்தால் சத்தத்தில் பிள்ளை நிறுத்திவிடுவாளோ என்று அவர் விரிக்கவில்லை. பாரத்தை மட்டும் சேலைக்குள் செருகிக்கொண்டார். பத்து நிமிடம். பிழைகளை எண்ணுவதை நான் எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. ஓலைகளுக்கிடையே மழை, மழைக்குள் அந்தச் சின்னக் குரல், அசையாத அந்தப் பெரிய நனைந்த முதுகு. இப்போதும் சில மதியங்களில் கண்ணை மூடினால் வருவது அதுதான். முடிந்ததும் திரும்பாமலே அவர் கேட்டார், “டீச்சர் இப்ப திரும்பலாமா, தர்ஷினி?”

“கேன் லா, டீச்சர்.”

வகுப்பில்

பாரம் போகவில்லை. அதற்காக மறுநாளே அவள் மேடையேறிப் பேசினாள் என்று எழுதினால், நம் வேலை தெரிந்த நீங்கள் நம்ப மாட்டீர்கள். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் கிளம்ப இரண்டே நாள் இருந்தது. யஷ்வின் எழுந்து ஒரு பத்தி வாசித்தான். ‘ஐலண்ட்’ என்பதை எழுத்துக்கூட்டி ‘இஸ்லண்ட்’ என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவன் காது சிவந்தது, புத்தகம் கீழே இறங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் ஓரத்தில் நாற்காலி நகர்கிற சத்தம். தர்ஷினி எழுந்து நின்றாள். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“டோண்ட் லாஃப். ஹி இஸ் ரீடிங்.”

நம் வேலையில் நிறையப் பேசத் தெரிந்தவர்களைத்தான் தேர்ந்தெடுத்து விமானம் ஏற்றுகிறார்கள். வாயை எப்போது மூடிக்கொள்வது என்று ஒருவாறு பிடிபடுகிற நேரம் பார்த்து விசா முடிந்துவிடுகிறது.