பதின்மூன்றாம் மாதத்துக்காரர்கள்

விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. எத்தியோப்பிய வருஷத்தின் பதின்மூன்றாம் மாதமான பாகுமேயில் மூன்றாம் நாள், ருஃபாயேல் திருநாள்; அன்றைய மழை புனிதம் என்பார்கள். அடிஸ் அபாபாவின் தெருவில் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு நனைந்துகொண்டிருந்தார்கள். ஹிருத் அலுவலகச் சன்னலோரம் நின்று ஊரிலிருந்த அம்மாவை அழைத்தாள்.

"கண் ஆபரேஷன் முகாமுக்குக் கிளம்பிட்டியாம்மா?"

"இன்னைக்கா? வருஷம் பொறந்து மெஸ்கெரெம் மூணுன்னுல்ல போன்ல வந்திருக்கு. பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுச் சொன்னா. புது வருஷக் கோழிக் குழம்பைச் சாப்பிட்டுட்டு வரச் சொல்றாங்கபோல."

முகாம் மருத்துவர்கள் நாளையோடு கிளம்பிவிடுவார்கள். அந்தச் செய்தியை அனுப்பியது ஹிருத் எழுதிய நிரல்.

திறந்து பார்த்தாள். தேதியைப் படிக்கும் பகுதியை இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்திருந்தாள். அதற்குப் பன்னிரண்டு மாதம்தான் தெரியும். பதின்மூன்றைக் கொடுத்தால் தவறென்று நின்றிருக்கலாம்; நிற்கவில்லை. அடுத்த வருஷத்தின் முதல் மாதம் என்று தானாகவே தள்ளிவிட்டது.

முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்தே நாளுக்கு ஒரு பாகுமே. எண்ணத் தெரிந்த நாள்முதல் தெரிந்த கணக்கு. மற்ற எல்லா மாதத்தையும் போட்டுச் சோதித்தவள் இதை மட்டும் ஏன் விட்டாள்? வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. படித்துப் படித்து, சொந்த மாதத்தையே மறக்கிற அளவுக்கு எங்கே போய்விட்டாள்?

"அஞ்சு நாளுக்குன்னு தனிச் சம்பளமில்லாத மாசம்," என்று அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார் குழுத் தலைவர் ஃபிசெஹா. "நாமளே கணக்குல வைக்கிறதில்ல, கம்ப்யூட்டரா வைக்கும்? திருத்தி இன்னொரு செய்தி அனுப்பிடு."

"கண்ணு தெரியாதவங்களுக்கு அனுப்பியிருக்கோம் சார். திருநாளும் அதுவுமா யார் படிச்சுச் சொல்லுவா? ஒவ்வொருத்தரையா நானே கூப்பிடுறேன்."

"யார் தப்புன்னு கேப்பாங்க."

"என் தப்புன்னு சொல்றேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நோயாளிகள் பட்டியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முதலில் அம்மா. "இப்பவே கிளம்பும்மா. தேதியைத் தப்பா அனுப்பினது நான்தான்."

"நீயா? இதைப் படிக்கத்தான் இத்தனை வருஷமா? சரி சரி, அழாத. குடையைத் தேடணும், வை போனை."

சிலர் திட்டினார்கள். சிலர் நம்பவில்லை. அலெமு என்ற கிழவர் மட்டும் பொறுமையாகக் கேட்டார். புனித நீராட மலைச் சுனைக்குப் போயிருந்தார்.

"இப்ப இறங்கினா டாக்டரைப் பிடிச்சிடலாமா, மகளே?"

பாதை எப்படி, பேருந்து உண்டா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

"இறங்குங்க ஐயா. யாரையாவது கையைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. நீங்க வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லி முகாம்ல கெஞ்சிப் பாக்குறேன்."

முகாமின் எண்ணை அழுத்தினாள். அங்கே வேறு யாரோ பேசிக்கொண்டிருந்ததால் இணைப்பு கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.